தொட்டுப் பார்க்கிற டாக்டர் எங்கே?

எங்கண்ணனுக்கு வயது 46. அதில் 19 வருசம் தோல் ஷாப்பில் குரோம் டிரம்முக்குப் பக்கத்திலேயே போய்விட்டது. டிரம்மிலிருந்து வெளியே வரும் ஈரத்தோலுக்கு ஒரு நீல நிறம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் பிறந்தவர்களுக்கு அந்த நீலத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நீலத்தை வெறுங்கையால் வாரி வாரி அடுக்கிய கை அவருடையது. அந்தக் கையைக் காட்ட ஒரு டாக்டரைத் தேடி மூன்று வருசம் அலைந்தோம். 'அலர்ஜி டாக்டர்' என்றால் பங்களாவில் பூனை வளர்க்கிறவர்களுக்குத்தான் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தவன். அந்த நினைப்பு எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விரல் இடுக்கில் அரிப்பு. அப்புறம் புறங்கை தடித்து, கொப்புளம் வந்து, நீர் வடிந்து, காய்ந்து, வெடித்தது. சோற்றில் கை வைக்க முடியாது. குழம்பில் இருக்கிற உப்பும் புளியும் பட்டால் துடித்துப்போவார். அண்ணிதான் ஊட்டிவிட்டார்கள். அவமானமாக இருக்கிறது என்று அண்ணன் ஒருநாளும் சொன்னதில்லை. சாப்பிடுகிற நேரத்தில் மட்டும் பிள்ளைகளைத் தெருவுக்கு விளையாட அனுப்பிவிடுவார். அதிலிருந்து நாங்களே புரிந்துகொண்டோம்.

முதல் டாக்டர், எல்லா ஊரிலும் இருக்கிற ஊசி டாக்டர். ஊசி போட்டதும் ரெண்டு நாளில் அடங்கும். பத்து நாளில் ரெண்டு பங்காகத் திரும்பி வரும். என்ன ஊசி என்று கேட்டால் "அரிப்பு ஊசி" என்பார். அது ஸ்டீராய்டு என்று பிற்பாடுதான் தெரிந்தது.

இரண்டாவது, ஆரம்ப சுகாதார நிலையம். "எந்தத் தெரு?" என்பது முதல் கேள்வி. "தெனம் குளிக்கிறியா? சோப்பு போடுறியா?" என்பது அடுத்த கேள்வி. நாங்க இருக்கிற தெருவின் பேரைச் சொன்னவுடனே நோய்க்கும் பேர் வைத்தாகிவிட்டது. சீட்டில் 'சொறி' என்று எழுதி ஒரு களிம்பு கொடுத்தார்கள். நிஜச் சொறி என்றால் ராத்திரியில்தான் அதிகம் அரிக்கும். ஒரே பாயில் படுக்கிற வீட்டாருக்கும் தொற்றும். எங்க வீட்டில் அண்ணனுக்கு மட்டும்தான் இருந்தது. கையில்தான் இருந்தது. பொங்கலுக்கு ஷாப்பு ஒரு வாரம் மூடினால் குறைந்தது, திறந்தால் கூடியது. யாராவது கேட்டிருந்தால் இதை எங்கம்மாகூட சொல்லியிருப்பாள். என்ன வேலை செய்கிறாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது, டவுனில் தனியார் தோல் டாக்டர். 300 ரூபாய் பீஸ். கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அண்ணன். கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார். பேனா முனையால் அந்தரத்தில் சுட்டிக்காட்டி, "எத்தன நாளா?" என்றார். அப்புறம் கேட்டார் பாருங்கள், "மாட்டுக்கறி திங்கிறதுண்டா?" என்று. "உண்டு சார்" என்றார் அண்ணன். "அத மொதல்ல நிறுத்து. கருவாடு, கத்திரிக்கா எல்லாத்தையும் நிறுத்து." கூடவே நாலாயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை. நாலு பக்க ரிப்போர்ட்டு வந்தது. அரிசி, பால், வேர்க்கடலை, கரப்பான்பூச்சி, வீட்டுத் தூசி என்று வரிசையாக. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். குரோமியம் என்ற வார்த்தை மட்டும் எங்கேயும் இல்லை.

எட்டு மாசம் அண்ணன் கறி தொடவில்லை. வெறும் ரசஞ்சோறு தின்றுவிட்டு டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றார். கை இன்னும் மோசமானது. உடம்பும் இளைத்தது.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விசயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். 'அலர்ஜி' என்ற சொல்லை 1906இல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் வான் பிர்க்கே என்ற குழந்தை மருத்துவர். நாம் ஒவ்வாமை என்கிறோம். அதில் வகை உண்டு. தூசியோ வேர்க்கடலையோ பட்ட சில நிமிசத்தில் தும்மல், இளைப்பு, தடிப்பு வருவது ஒரு வகை. அதற்கு முன்கையில் ஊசியால் லேசாகக் குத்திப் பார்க்கிற சோதனை உண்டு, ரத்தச் சோதனையும் உண்டு. தோலில் பட்ட பொருள் உள்ளே இறங்கி, உடம்பின் காவல் அணுக்கள் அதை எதிரியாக ஞாபகம் வைத்துக்கொண்டு, மறுபடி படும்போது ஒருநாள் ரெண்டுநாள் கழித்துச் சீறுவது வேறு வகை. இன்று தொட்டதற்கு நாளை மறுநாள் கொப்புளம் வரும். அதனால்தான் எது காரணம் என்று தொட்டவனுக்கே தெரியாமல் போகிறது. பல வருசம் ஒன்றும் செய்யாத பொருள் ஒருநாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகும். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் லேசில் விடாது. குரோமியம் இந்த ரெண்டாவது வகை. அதை அந்த நாலாயிர ரூபாய் ரத்தச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது. அதற்கும் மாட்டுக்கறிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சம்பந்தமே இல்லாத இடத்தில் மாட்டுக்கறி எப்படி வந்தது? மருத்துவப் புத்தகத்திலிருந்து வரவில்லை. டாக்டர் வீட்டு அடுப்படியிலிருந்து வந்தது. நம்ம சாப்பாடு நோய், நம்ம தெரு நோய், நம்ம குளியல் நோய். நம்ம கையில் முதலாளி கொட்டுகிற ரசாயனம் மட்டும் நோய் ஆகாது! வெள்ளைக் கோட்டுக்குள்ளே சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சரி, அலர்ஜிக்கென்றே இருக்கிற டாக்டரைப் பார்ப்போம் என்று கிளம்பினோம். டவுனில் ரெண்டு போர்டு இருந்தது. ஒன்றில் போய் டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அவர் நெஞ்சு டாக்டர். ஆஸ்துமா பார்க்கிறவர். இன்னொருவர் காது மூக்கு தொண்டை. ரெண்டு பேரும் தங்களுடையது இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்லவில்லை. நம்ம நாட்டு மருத்துவப் படிப்பில் அலர்ஜிக்கென்று தனி எம்.டி. கிடையாது. மூக்கில் வந்தால் ஒருவர், நெஞ்சில் வந்தால் ஒருவர், தோலில் வந்தால் ஒருவர் என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள். எதிர்ப்பாற்றலியல் என்ற இம்யூனாலஜிக்கு உயர்படிப்பு உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் அந்தத் துறையே இருக்கிறது. ஆனால் மூட்டுவாத நோய்களையும் சேர்த்துப் படிக்கிற படிப்பு அது. மூட்டுவாதமும் லூபசும்தான் அங்கே பெரும்பாடு. இதெல்லாம் படித்தவனுக்கே குழப்பம். டிரம்மடியில் நிற்கிறவனுக்கு யார் சொல்லுவார்கள்?

சொன்னது எங்க தெருப் பொண்ணு ஒருத்தி. நர்சுக்குப் படித்து வேலையில் இருக்கிறாள். லீவில் வந்தவள் அண்ணன் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, அலர்ஜி டாக்டர்னு போர்டு தேடிகினு அலயாதீங்க. பெரிய ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போங்க. பேட்ச் டெஸ்ட்டு பண்றாங்களான்னு கேளுங்க. அது ஒண்ணுதான் கேள்வி. இன்னா வேல, எந்தெந்த மருந்துல கை வைக்கிறீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துகினு போங்க." மூன்று வருசத்தில் எந்தப் போர்டும் சொல்லாததை அவள் திண்ணையில் உட்கார்ந்து ரெண்டு நிமிசத்தில் சொல்லிவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி என்றால் எங்கே? 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். அந்தப் பட்டியலில் திருப்பத்தூரும் இல்லை, ராணிப்பேட்டையும் இல்லை. தோல் ஷாப்புகள் நெருக்கியடித்து நிற்கிற ரெண்டு மாவட்டம்! ரெண்டு பஸ் மாறி வேறு மாவட்டத்து மருத்துவக் கல்லூரிக்குப் போனோம்.

அங்கே இருந்தது ஒரு டாக்டரம்மா. வயசு முப்பதுக்குள்தான் இருக்கும். அண்ணன் பழக்கத்தில் கையைத் தூக்கிக் காட்டினார். அந்தம்மா, "குடுங்க" என்று சொல்லி அந்தக் கையைத் தன் ரெண்டு கையாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தது. விரல் இடுக்கை விரித்துப் பார்த்தது. "இன்னா வேலண்ணா?" என்று கேட்டது. அண்ணன் பதில் சொல்லவில்லை. ஏன் என்று திரும்பிப் பார்த்தேன். கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். மூன்று வருசத்தில் அந்தக் கையை முதல்முதலாகத் தொட்ட டாக்டர்.

பேட்ச் டெஸ்ட் ஒன்றும் பெரிய மிசின் வைத்துச் செய்கிற வேலை இல்லை. 1895இல் யோசப் யாதாசோன் என்ற ஜெர்மன் தோல் மருத்துவர் ஆரம்பித்து வைத்த முறை. சந்தேகப்படுகிற பொருளை வாசலினில் கொஞ்சமாகக் கலந்து, சின்னச் சின்னக் குப்பியில் வைத்து, முதுகில் வரிசையாகப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் ரெண்டு நாள் விட்டு இன்னொரு தடவை பார்ப்பார்கள். எந்த இடத்தில் தடிக்கிறதோ அந்தப் பொருள்தான் குற்றவாளி. எத்தனை எளிமை! 130 வருசமாக இருக்கிற எளிமை.

கூலிக்காரனுக்கு மட்டும் இது எளிமை இல்லை. திங்கள் ஒட்டணும், புதன் பிரிக்கணும், வெள்ளி பார்க்கணும். அதுவரைக்கும் முதுகில் தண்ணி படக்கூடாது, வேர்க்கக்கூடாது, மூட்டை தூக்கக்கூடாது. அதாவது ஒரு வாரக் கூலி போச்சு. மூன்று நடை பஸ் காசு. அதற்கு முன்னால் அந்த 'அரிப்பு ஊசி'யைச் சில வாரம் நிறுத்தி வைக்கணும், இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். ஊசி இல்லாமல் அந்த வாரங்களை அண்ணன் எப்படிக் கடத்தினார் என்பது அண்ணிக்குத்தான் தெரியும்.

வெள்ளிக்கிழமை. அண்ணனைக் குப்புறப் படுக்க வைத்து, டாக்டரம்மா தன் மாணவர்களைக் கூப்பிட்டது. "எங்க பாசிட்டிவ், சொல்லுங்க" என்றது. பிள்ளைகள் உற்று உற்றுப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. "புத்தகத்துல சிவந்திருக்கும்னு போட்டிருக்கு. அது வெள்ளைத் தோலு. நம்ம ஊரு முதுகுல சிவப்பத் தேடினா எப்படிக் கிடைக்கும்? கறுத்திருக்கும், இல்ல கண்ணுக்கே தெரியாது. தொட்டுப் பாருங்க." ஒரு பையன் விரல் நுனியால் மெல்லத் தடவினான். ஒரு இடத்தில் நின்றான். "இங்க மேடம். பொடிப் பொடியா தடிச்சிருக்கு." பொட்டாசியம் டைகுரோமேட் ஒட்டிய இடம் அது. ரெண்டு பிளஸ் போட்டு எழுதினார்கள்.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த நோய்க்குத் தமிழில் தொடுதோல் அழற்சி என்று பேர். தொட்டதால் வந்த நோய். தொடாததால் மூன்று வருசம் கண்டுபிடிக்காமல் போன நோய். கறுத்த முதுகில் அதைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியாது, விரலும் வைக்கணும் என்று அறிவியலே சொல்கிறது. விரல் வைக்க மறுக்கிறவன் எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும் இந்த நோய்க்கு அவன் டாக்டர் ஆக முடியாது.

இதோடு கதை சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு அண்ணன் ஷாப்புக்குப் போனார். டிரம்மடியிலிருந்து வேறு பக்கம் மாற்றிக் கொடுங்கள் என்றுதான் கேட்டார். "டாக்டர் சீட்டு கொண்டாந்து மெரட்டுறியா?" என்றார் மேனேஜர். மறுநாள் காண்டிராக்டர் ஆள் அனுப்பி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். 19 வருசம் நின்றவருக்கு மஸ்டரில் பேர் இல்லை. இ.எஸ்.ஐ. கார்டு இல்லை. சித்தப்பா மகன் கட்டட வேலைக்குக் கூப்பிட்டான். போயிருப்பார். டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தது: "சிமெண்டுலயும் இதே குரோமியம் இருக்குண்ணா, அந்தப் பக்கம் போகாதீங்க." தோலை விட்டால் சிமெண்டு. நம்ம சனங்களுக்கு விட்டுவைத்திருக்கிற ரெண்டு வாசலிலும் ஒரே விஷம்! இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் ராத்திரிக் காவல் இருக்கிறார். பழைய கூலியில் பாதி. கை முக்கால்வாசி ஆறியிருக்கிறது. தன் கையால் சாப்பிடுகிறார்.

இந்த விஷத்தைக் கட்டுப்படுத்த வழியே இல்லையா? ஐரோப்பாவில் 2005இலிருந்து சிமெண்டில் கரையும் ஆறிணைதிற குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம். இரும்பு சல்பேட்டைச் சேர்த்தால் அது அடங்கிவிடும். 2015 மே 1இலிருந்து உடம்பில் படுகிற தோல் பொருள்களில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அங்கே விற்க முடியாது. அதனால் நம்ம பக்கத்து ஷூ கப்பலேறும் முன்னால் லேபில் சோதனை நடக்கிறது. அந்த ஷூவைப் போடுகிற காலுக்குச் சோதனை உண்டு. அதற்குத் தோலைப் பதப்படுத்திய கைக்குச் சோதனை கிடையாது. 1996இல் பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் உச்சநீதிமன்றம் பெரிய தீர்ப்புச் சொன்னது. ஆற்றுக்காகவும் நிலத்துக்காகவும் குடிதண்ணிக்காகவும் நடந்த வழக்கு. நியாயமான வழக்கு. ஆனால் குரோமியம் ஆற்றில் விழுகிறதுக்கு முன்னால் ஒரு ஆளுடைய கையில் விழுகிறது. டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த ஆள் எந்தத் தெருக்காரன் என்று ஒவ்வொரு ஷாப்பிலும் போய்க் கேட்டுப்பாருங்கள்.

நம்மையும் கேட்டுக்கொள்வோம். சுடுகாட்டுப் பாதைக்குப் போராடினோம், பஞ்சமி நிலத்துக்குப் போராடினோம், ரெட்டை டம்ளருக்கு எதிராகப் போராடினோம். கைச் சொறிக்கு ஒரு தீர்மானம் போட்டோமா? நானே எங்கண்ணனிடம் "நல்லா சோப்பு போட்டுக் கழுவுண்ணே" என்று சொன்னவன்தான். அவன் சொல்லிக்கொடுத்ததை நான் திருப்பிச் சொன்னேன்.

அதனால் என் கருத்து இது. தோல் ஷாப்பும் கட்டட வேலையும் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசுத் தலைமை மருத்துவமனைத் தோல் பிரிவில் பேட்ச் டெஸ்ட் நடக்க வேண்டும். குரோமியம், ரப்பர், பசை, வயக்காட்டில் பிடுங்கப்போகிற பெண்களின் முகத்தையும் கழுத்தையும் கறுக்கடிக்கிற பார்த்தீனியம் எல்லாம் அந்தச் சோதனையில் இருக்க வேண்டும். சோதனை நாள்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஓ.பி. சீட்டில் வேலை என்ன, காரணம் என்ன என்று எழுத வேண்டும். குரோமியத்தால் வரும் நோய் பழைய 1923ஆம் வருச இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் வருசத்துச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் அட்டவணையிலும் இருக்கிறது. சட்டத்தில் பேர் இருக்கிறது, சீட்டில்தான் இல்லை. 'சொறி' என்று எழுதினால் அது உன் அழுக்கு. 'குரோமியம்' என்று எழுதினால் அது முதலாளியின் கடன். ஒரு டாக்டரின் பேனா எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் இவ்வளவு இருக்கிறது.

அதுவரைக்கும் நம்ம தெருவில் நாமே செய்யக்கூடியது உண்டு. கையில் அரிப்பென்று யாராவது வந்தால், வேலை நாளில் கூடுகிறதா, லீவில் குறைகிறதா என்று கேளுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் ராத்திரி அரிக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் அது சொறியாகவே இருக்கலாம், அதற்கு வைத்தியம் எளிது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசுகிற ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தச் சொல்லுங்கள். 14 வகை ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இலேயே அரசு ஆணை போட்டது, கடையில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரப்பர் கையுறை போட்டும் கூடினால் அந்த ரப்பரே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்து மூட்டை மேல் இருக்கிற பேரை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பேட்ச் டெஸ்ட் உண்டா என்று கேளுங்கள். சாப்பாட்டை நிறுத்தச் சொன்னால் எந்தச் சோதனையை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

எங்கண்ணன் இழப்பீட்டுக்கு மனுப் போட்டிருக்கிறார். மஸ்டரில் பேர் இல்லாததால் கூட வேலை செய்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். ரெண்டு பேர் வருகிறேன் என்றிருக்கிறார்கள். ரெண்டு பேருக்கும் கையில் அதே கொப்புளம். அடுத்த திங்கட்கிழமை அவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த டாக்டரம்மாவிடம் போகிறோம்.